போரூரில் எழுப்பவில்லை

பூமாவை அவள் அண்ணன் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தேசிகன் முடிவு செய்தது வைகாசித் திருவோணத்தன்று. அன்றைக்குப் பெருமாளுக்குப் பொங்கல் வரவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில், பெரிய கோயில் மதிலைத் தாண்டி, தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் கோடியில் இருந்தது அவர் பூஜை செய்த சந்நிதி. ஒரு கருவறை, முன்னால் ஒரு மண்டபம், பக்கத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி. மடைப்பள்ளி எப்போதோ இடிந்து விழுந்துவிட்டதால் பெருமாளுக்குச் சமைக்கும் தளிகை அர்ச்சகர் வீட்டில்தான். வீட்டில் செய்து, ஈரத்துணி போட்டு மூடி, யாரும் எதிரே வராமல் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கைங்கரியம் பூமாவுடையது. விடியற்காலையில் கிணற்றடியில் நீராடிவிட்டு, ஈரம் சொட்டும் மடிப்புடவையோடு விறகடுப்பின் முன் உட்கார்ந்தால், பெருமாள் அமுதுசெய்யும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் வாயில் படாது. அவளுக்குக் குழந்தை இல்லை. "பெருமாளுக்கு வேளாவேளைக்குப் பண்ணிப் போடறேனே, அது போறாதா?" என்று கேட்கிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கோலம் போட உட்கார்ந்தவள், "ஏன்னா, புள்ளியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியறது" என்றாள். பிறகு இடது கால் மரத்துப்போனது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்புக்கு மேலே இருக்கும் உறை அங்கங்கே அரித்துப்போகிற நோயாம். ஒரு சமயம் அதிகமாகும், ஒரு சமயம் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள்.

அப்படித்தான் இருந்தது. ஒரு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த மாதம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தேசிகன் முதலில் பரிதாபப்பட்டார். பிறகு, வியாதி என்றால் இருக்கவேண்டும், இல்லையென்றால் போகவேண்டும், இது என்ன வந்து வந்து போவது என்று யோசிக்கத் தொடங்கினார். சந்தேகம் அப்படித்தான் அந்த வீட்டுக்குள் காலை வைத்தது. வைத்த பிறகு அதற்குத் தினமும் தீனி கிடைத்தது.

பாலைக் காய்ச்சச் சொன்னால் பால் அப்படியே இருக்கும். புளியை ஊறப்போடுவாள், அது சாயங்காலம் வரை ஊறிக்கொண்டே கிடக்கும். சந்நிதித் திரையைச் சலவைக்குப் போடச் சொல்லியிருப்பார். அவள் சரி என்று தலையாட்டியிருப்பாள். அது மூட்டையாகக் கட்டி வாசல் கதவுக்குப் பின்னாலேயே இருக்கும். கேட்டால், "மறந்துடுத்துன்னா" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தெருவில் பூமாவைப் போல ஞாபகசக்தி உள்ள மனுஷி கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் பெண்டுகள் மண்டபத்தில் உட்கார்ந்து பாசுரம் சேவிக்கும்போது, மற்றவர்கள் கையில் புத்தகம் இருக்கும். பூமா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். நடுவில் யாராவது ஒரு அடியை விட்டால் கண்ணைத் திறக்காமலே எடுத்துக்கொடுப்பாள். தன் கல்யாணத்தில் எந்தச் சித்தப்பா அப்பளம் நமுத்துப்போயிற்று என்று கோபித்துக்கொண்டார் என்பதைக்கூட இன்றைக்கும் சொல்லுவாள்.

ஞாபகம் என்பது ஒரே பாத்திரம் என்று தேசிகன் நினைத்திருந்தார். அதில் ஓட்டை விழுந்திருந்தால் எல்லாமும் ஒழுகவேண்டும். பாசுரம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாலும் புளியும் மட்டும் ஒழுகுமா?

அதற்கு அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்தார். பூமாவின் அண்ணன் சம்பத் போரூரில் இருந்தார். அங்கே புதிதாகக் கட்டிய கோயிலுக்கு ஒரு பட்டர் வேண்டும் என்று தை மாதம் வந்தபோது சொல்லிவிட்டுப் போனார். குழாயைத் திறந்தால் தண்ணீர், கேஸ் அடுப்பு, பக்கத்திலேயே அண்ணன். "யோசிச்சுப் பாருங்கோளேன்" என்று பூமா ஒரே ஒரு தடவை சொன்னாள். தேசிகன், "எங்கப்பா தொட்ட பெருமாளை விட்டுட்டு வரமாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததுதான் அவரை அரித்தது. வாயால் கேட்டுக் கிடைக்காததைத் தளிகையைக் கெடுத்து வாங்கப் பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

திருவோணத்தன்று தர்மகர்த்தா பங்காரு செட்டியார் குடும்பத்தோடு வந்திருந்தார். திருமஞ்சனம் முடிந்து, அலங்காரம் முடிந்து, திரையைப் போட்டுவிட்டுத் தேசிகன் பொங்கலை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். வெயில் தெருவில் கொதித்தது. முற்றத்து நிழல் துளசி மாடத்தைத் தொடும்போது பானையை அடுப்பில் ஏற்று என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நிழல் மாடத்தைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தது.

அரிசியும் பருப்பும் களைந்து தயாராக இருந்தன. வெல்லம் பொடித்திருந்தது. முந்திரி உடைத்து இலையில் இருந்தது. நெய் உருகியிருந்தது. அடுப்பு மட்டும் மூட்டப்படவில்லை. அதன் முன்னால் பூமா சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றி வியர்வை கண்ணில் வழிய, நிதானமாகப் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பூமா! பொங்கல் எங்கே?"

அவள் அவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். "ஐயோ, பெருமாளே" என்றாள்.

பாலும் பழமும்தான் அன்றைக்கு உள்ளே போனது. செட்டியார் சத்தம் போடுகிறவர் இல்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு, "ஏமி சாமி, பெருமாளுக்கு இன்னிக்கு உபவாசமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "முடியலைன்னா சொல்லுங்கோ, வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த தேசிகன் பாசுரம் பாடம் பண்ணி வளர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் செய்தார். அவளை எதிரே உட்காரவைத்து, ஒரு பாசுரத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்து, "மேலே சொல்லு" என்றார். அவள் சொன்னாள். இன்னொன்று கொடுத்தார். அதையும் சொன்னாள். சிறுவயதில் அவருக்கு ஆசான் வைத்த பரீட்சை அது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"இவ்வளவும் வரது. அடுப்பு மூட்டறது மட்டும் மறந்துபோச்சா?"

"அதான் எனக்கும் தெரியலைன்னா. அரிசியெல்லாம் களைஞ்சு வெச்சேன். நிழலைப் பாக்கணும்னு நெனச்சேன். அப்புறம் நீங்க வந்து நின்னேள்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்லை."

பொய் சொல்கிறவர்கள் நடுவில் ஏதாவது வைத்துச் சொல்லுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு அது தோன்றாது.

எதிர்வீட்டு ஏலவார்குழலி நடந்ததைக் கேள்விப்பட்டு மறுநாள் காலையில் வந்து நின்றாள். புருஷன் கலியாணசுந்தரத்தோடு தறியில் உட்காருகிறவள். சந்நிதிக்குத் தினமும் பூ தொடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

"சாமி, ஒரு வார்த்த சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அம்மா நல்லாத்தான் எல்லாம் செஞ்சிக்கினு இருக்குது. அந்த நேரத்துக்கு ஒரு ஆளு சொல்லணும், அவ்ளோதான். நான் எதிர்க்கத்தான இருக்கறேன்? வாசப்படிய தாண்டி உள்ள வரமாட்டேன். தெருவுல நின்னுக்கினு ஒரு கொரலு குடுக்கறேன். 'அம்மா, அடுப்பு'ன்னு."

"தறியை விட்டுட்டா?"

"ஆமா, என் தறி ஓடிப்பூடும் பாரு! நாள் முழுக்க அந்த ஆளு மூஞ்சியவே பாத்துக்கினு கெடக்கறேன். அந்தச் சாக்குல கொஞ்சம் காத்தாவது வாங்கிக்கினு போறேன். இந்த வருசம் தென்னேரி ஏரியே வத்திப்போச்சாம், தறிக்குழியில உக்காந்தா வேகுது."

தேசிகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பூமாதான் இவளைப் பேசவைத்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தார். "பெருமாள் காரியம். நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏலவார்குழலி கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, பூக்கூடையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். யாரோ நீட்டிய கையைத் தட்டிவிட்டோம் என்று அவர் மனசின் ஓரத்தில் ஒரு உறுத்தல். அதையும் தட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சம்பத்துக்குப் போன் செய்தார்.

"கொஞ்ச நாள் பூமா உங்களோட இருக்கட்டும். எங்காத்துல முடியலை."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள் மாப்பிள்ளை?"

"பாக்கலாம்."

மறுமுனையில் சம்பத் தன் மனைவியிடம் ஏதோ கேட்டார். பிறகு, "அழைச்சுண்டு வாங்கோ. ரூம் ஒழிச்சு வெக்கறேன்" என்றார். பூமாவிடம் தேசிகன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. அது முடியட்டும், பிறகு பெட்டி கட்டச் சொல்லலாம் என்று இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் பூமா உற்சாகமாக இருந்தாள். சம்பத்தின் பெண் மானஸாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. மானஸாவைச் சின்ன வயதில் லீவுக்கு லீவு காஞ்சிபுரத்தில் வைத்துக்கொண்டு தலைவாரிப் பின்னிவிட்டவள் பூமா. பச்சைக்குழந்தைக்குக் காப்பாக இருக்கட்டும் என்று வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கி, கறுப்பு நூலில் கோத்து, ஒரு ஜோடி வளையல் செய்திருந்தாள். வசம்பின் காரமான வாசனை அவள் பைக்குள்ளிருந்து வந்தது.

"ஏன்னா, திரும்பி வரச்சே போரூர்ல இறங்கிக் குழந்தையைப் பாத்துட்டு வந்துடலாம். எனக்கு ஞாபகப்படுத்துங்கோ."

"நீயே ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் தேசிகன்.

அன்றைய பூஜையை அவருடைய தாயாதி ராமானுஜ் பார்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். மறதியைப் பற்றித் தேசிகன் சொன்னதும், மாடியில் ஒரு அறைக்கு அனுப்பினார். அங்கே தேவசகாயம் என்பவர் இருந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, மனசின் வேலைகளை அளந்து பார்க்கிறவர். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. தேசிகனையும் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். "இடையில நீங்க எதுவும் எடுத்துக்கொடுக்கக் கூடாது சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"அம்மா, உங்ககிட்டேருந்து ஒரு பொருள் வேணும். உங்களுக்கு ரொம்ப வேண்டியதா இருக்கட்டும்."

பூமா கொஞ்சம் யோசித்துவிட்டு, பையிலிருந்து வசம்பு வளையலை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்து, "எங்கம்மா எனக்குக் கட்டியிருக்காங்க" என்றார். அதை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"இன்னிக்கு இவ்வளவுதான்னு நான் சொன்னதும், இதை நீங்க கேட்டு வாங்கிக்கணும். இன்னொண்ணு. இந்தக் கடிகாரம் நடுவுல மணியடிக்கும். அப்ப நீங்க 'அடுத்தது எப்ப வரணும்'னு என்கிட்ட கேக்கணும். ரெண்டையும் நான் ஞாபகப்படுத்த மாட்டேன். சரியா?"

பூமா இரண்டையும் திருப்பிச் சொன்னாள். இதுவா பரீட்சை என்று தேசிகன் நினைத்தார். பால்குடி மறக்காத குழந்தைகூடச் செய்யும்.

தேவசகாயம் ஒரு கதை படித்தார். சந்தையில் ஆடு வாங்கிக்கொண்டு வந்த ஒருத்தி மழையில் வழிதவறிய கதை. பூமா அதை அப்படியே சொன்னாள். ஆட்டின் கழுத்துக் கயிறு சிவப்பு என்பதையும் விடவில்லை. வார்த்தைகள் வரிசையாகச் சொன்னார். அவள் வரிசையாகத் திருப்பினாள். படங்கள் காட்டி மறைத்தார். ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று சொன்னாள். தேவசகாயத்தின் புருவம் உயர்ந்தது. தேசிகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சொன்னேனா இல்லையா என்று யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருந்தது.

அப்போது கடிகாரம் மணியடித்தது.

பூமா அதைப் பார்த்தாள். "அடிக்கறதே" என்று சிரித்தாள். அடுத்த படத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். தேவசகாயமும் காத்திருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. அவர் அடுத்த படத்தை எடுத்தார்.

எல்லாம் முடிந்து, "இன்னிக்கு இவ்வளவுதான்மா" என்றார். பூமா எழுந்து கும்பிட்டாள்.

"ஏதாவது என்கிட்ட கேக்கணுமா?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "மேலே காத்தாடி ஓடலையே, நாள் முழுக்க எப்படி உக்காந்திண்டிருக்கேள்? பாவம்" என்றாள்.

"அந்தக் கடிகாரம் அடிச்சா என்ன செய்யச் சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"அடுத்தது எப்ப வரணும்னு கேக்கச் சொன்னேள்." சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடடா, கேக்கலையே!" வெட்கத்தோடு, முகம் அலம்பிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனாள். வளையலைக் கேட்கவில்லை.

தேசிகன் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "பாத்தேளா சார்? அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் செய்யலை."

"தெரியாம போகலை சார். என்ன செய்யணும்கறது உள்ளேயே பத்திரமா இருக்கு. செய்யவேண்டிய நேரத்துல அது தானா மேலே வரமாட்டேங்குது. நடந்ததை நினைக்கறது வேற, நடக்கவேண்டியதை அந்த நேரத்துல நினைக்கறது வேற. இந்த வியாதிக்காரங்கள்ல சிலருக்கு முதலாவது நல்லா இருக்கும், ரெண்டாவது அடிபட்டுடும். இவங்களுக்கு எப்ப அதிகமா இருக்கு?"

"அடுப்படியில."

"சூடு இவங்களுக்கு ஆகாது. சூட்டுலயும் களைப்புலயும் இன்னும் மோசமாகும்."

"இல்லை சார், நான் கேக்கறது வேற. வேணும்னே பண்றாளான்னு உங்க பரீட்சையில தெரியாதா?"

தேவசகாயம் இழுப்பறையைத் திறந்து வளையலை எடுத்தார். "தெரியாது சார். நான் மறதியைத்தான் அளக்கறேன், மனசை அளக்கறதில்லை. அது உங்களுக்குத்தான் தெரியணும். ஆனா ஒண்ணு. தூங்கறவங்களை எழுப்பற மாதிரிதான் இது. பக்கத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னா போதும்." வளையலை அவர் உள்ளங்கையில் வைத்தார். "பஸ் ஏறறதுக்கு முன்னாடி குடுத்துடுங்க. ஆசையா செஞ்சிருக்காங்க."

தேசிகன் அதை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டார். கொடுக்கவில்லை.

இந்த மனிதரையும் ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு மனசு சொன்னது. இருக்காது என்று ஒரு மனசு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு யோசனை வந்தது. தளிகையை மறந்தாள் என்றால் அது எனக்காகச் செய்யவேண்டியது. குழந்தையைப் பார்ப்பது அவளுக்காகவே அவள் ஆசைப்பட்டது. நடிக்கிறவள் தன் ஆசையை மறக்கமாட்டாள். போரூரில் இறங்கச் சொல்கிறாளா பார்ப்போம். நாமாக வாயைத் திறக்கக்கூடாது.

கிண்டியில் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினார்கள். அவர் காஞ்சிபுரத்துக்கே டிக்கெட் எடுத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கால் மரத்திருக்கிறது என்று தேய்த்துவிட்டுக்கொண்டாள். அனல் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரத்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

போரூர் வந்தது. கண்டக்டர், "போரூர்லாம் எறங்கு" என்று கதவைத் தட்டினான். தேசிகன் பூமாவின் முகத்தையே பார்த்தார். இமை லேசாக அசைந்தது போல இருந்தது. பாசாங்கு என்றால் இங்கே கண்ணைத் திறப்பாள் என்று நினைத்தார். வாய் பாதி திறந்து, வியர்வையில் குங்குமம் கரைந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கையை நீட்டித் தோளைத் தொட்டால் போதும். அவர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். மடிப்பிலிருந்து வசம்பு வாசனை வந்தது. சம்பத் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் வேப்பமரம் ஜன்னலில் தெரிந்தது, பின்னால் போயிற்று.

அடுத்தவர் கீழே விழுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் பரீட்சை இல்லை. நல்ல மனிதர்களும் அதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், முன்சீட்டில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. பூமா சட்டென்று விழித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் குழந்தையைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பு அணைந்தது.

"ஏன்னா... போரூர் வந்துடுத்தா?"

"தாண்டியாச்சு."

பையைத் திறந்து துழாவினாள். எல்லாவற்றையும் மடியில் கொட்டினாள். "வளையலையும் வாங்கலை. அந்த ரூம்லயே விட்டுட்டேன்." உதடு நடுங்கியது. "குழந்தையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு எத்தனை நாளாக் காத்திண்டிருந்தேன். அதுகூட எனக்கு மனசுல நிக்கலை பாருங்கோ. பொங்கலை மறந்தேன்னா அது பெருமாளோடது, அவர் பொறுத்துப்பார். இது என்னோடதுன்னா!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

அவள் அப்படி அழுது தேசிகன் பார்த்ததில்லை. கண்ணில் இரண்டு இரண்டாகத் தெரிந்தபோதுகூட அவள் அழவில்லை.

"உங்களுக்கும் மறந்துடுத்தா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அப்படி நம்புகிறவளையா இத்தனை நாள் நம்பாமல் இருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் தைத்தது. மடிப்பிலிருந்து வளையலை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"மறக்கலை. நீயா சொல்றயான்னு பாத்துண்டிருந்தேன்."

பூமா வளையலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மடியில் கொட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

"சரி" என்றாள் கடைசியில். "நான் பெயில். உங்களுக்கு எத்தனை மார்க்?"

தேசிகன் எழுந்து நின்று, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வண்டியை நிறுத்துப்பா" என்று குரல் கொடுத்தார்.

"டிக்கெட் காஞ்சிவரம் வரிக்கும் இருக்குதே சாமி, இங்க இன்னாத்துக்கு எறங்கறீங்க?" என்றான் கண்டக்டர்.

"ஒரு குழந்தையைப் பாக்கணும். விட்டுட்டு வந்துட்டோம்."

"கொயந்தையையா வுட்டுட்டு வந்தீங்க? இன்னா சாமி நீ!" என்று பதறிக்கொண்டே விசிலடித்தான்.

எதிர்ப்பக்கத்தில் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போரூருக்குப் போனார்கள். அவள் மரத்த காலுக்காக அவர் தன் தோளைக் கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள், ஆனால் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சம்பத் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ மாப்பிள்ளை, வா பூமா. அடுத்த வாரம்தான் வருவேள்னு நெனச்சேன். பின்பக்கத்து ரூம் தயாராத்தான் இருக்கு. பெட்டி எங்கே?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பூமா நிமிர்ந்தாள். "என்ன பெட்டி?"

தேசிகன் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "நான்தான் போன் பண்ணினேன். உன்னை இங்கேயே விட்டுடறேன்னு சொன்னேன். நீ வேணும்னே பண்றேன்னு நெனச்சேன். இந்த ஊர்க் கோயிலுக்கு என்னை வரவழைக்கத்தான் இப்படிப் பண்றேன்னு."

"இந்த ஊர்க் கோயிலா?" என்றார் சம்பத். "அங்கே மாசிலயே வேற பட்டர் வந்தாச்சே! பூமாவுக்கு அப்பவே சொன்னேன். நல்லதாப் போச்சு அண்ணா, அவரும் வரமாட்டார், அவரை விட்டு நானும் வரமாட்டேன்னாளே. உங்ககிட்ட சொல்லலையா?"

பூமா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "சொல்லணும்னு இருந்தேன். உங்க காதுல போட்டா நிம்மதியா இருப்பேள்னு நெனச்சிண்டே இருந்தேன். சொல்லலையோ?"

அவள் காலை அலம்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேசிகன் கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உள்ளே மானஸாவின் குரலும், "அத்தை, அத்தை" என்ற சிரிப்பும், பூமா குழந்தையிடம் ஏதோ குழைந்து பேசுவதும் கேட்டது. சம்பத்தின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அங்கே தளிகைக்கு என்ன பண்ணுவேள்? இவளால முடியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"கை நன்னாத்தான் இருக்கு. வேளைக்கு ஒருத்தர் சொல்லணும். நான் இருக்கறச்சே நான் சொல்றேன். நான் சந்நிதியில இருந்தா எதிராத்து ஏலவார்குழலி தெருவுல நின்னு குரல் குடுக்கறேன்னா. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். போய்க் கேக்கணும். செட்டியார்கிட்டயும் இன்னதுதான்னு உள்ளபடி சொல்லிடறேன். அதுக்கு மேலே பெருமாள் விட்ட வழி."

காப்பி ஆறியது. வெயில் இறங்கி, ஜன்னல் வழியே கொஞ்சம் காற்று வந்தது. பூமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றாள். குழந்தையின் கைகளில் கறுப்பு நூல் வளையல் தெரிந்தது.

"அண்ணா இருக்கச் சொல்றார்" என்றாள். "நான் இருக்கட்டுமா, வரட்டுமா?"

"வரணும்" என்றார் தேசிகன். "நாளைக்குத் தளிகை இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்காக மட்டும் இல்லை" என்றார்.

"இனிமே எனக்குப் பரீட்சை வெக்கப்படாது."

"வெக்கலை."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு நடக்கப்போறதுதான் நிக்காது. நடந்தது ஒண்ணு விடாம நிக்கும். பஸ்ல நீங்க என்னை எழுப்பாம உக்காந்திருந்தது, சாகற மட்டும் எனக்கு மறக்காது."

தேசிகன் தலை குனிந்தார்.

"நல்லதா ஏதாவது பண்ணினேள்னா" என்றாள் பூமா, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "அதையும் மறக்கமாட்டேன்."

அவள் கோபமாகச் சொன்னாளா, மன்னித்துச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. அவள் அதை மறுபடி முகர்ந்து பார்த்தாள், கன்னத்தோடு ஒட்டிக்கொண்டாள், கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக நடந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தேசிகன் எழுந்தார். கிட்டே போய், அவள் தோளைத் தொட்டார்.

"பூமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.